ஆறுதல் சொல்லப் போனவன்

கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். மருந்து கொடுக்க எனக்குத் தெரியாது, பேசத் தெரியும். முப்பது வருஷம் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிய வேன் டிரைவர் நான். காலை ஷிப்டுக்குத் தூங்கி வழிகிற பதினைந்து பேரைப் பேசியே எழுப்பி வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே. கோயில் சங்கத்தில் செயலாளர் பதவி கிடைத்தது. அதோடு, யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஓடிப்போய்ப் பார்ப்பதையும் என் தலையில் நானே தூக்கி வைத்துக்கொண்டேன்.

அதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. உள்ளே நுழைந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்க மாட்டேன். படுத்துக் கிடப்பவனிடம் அதைக் கேட்பதைப் போல மடத்தனம் வேறில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு வந்த அதே நோய் வந்து பிழைத்துக்கொண்ட ஒருவரின் கதையைச் சொல்வேன். இனிப்புநீர் வியாதியில் கால் விரலை எடுத்தவருக்கு ஒரு கதை, நெஞ்சடைப்புக்கு ஒரு கதை, கிட்னிக்கு இரண்டு. எல்லாம் உண்மையா என்றால், பாதி உண்மை. பேரும் ஊரும் சரியாக இருக்கும். பிழைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதில் மட்டும் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்வேன். சுகுமாறன் வந்துவிட்டுப் போனாலே பாதி நோய் போய்விடும் என்று பந்திங் வரை பேச்சு இருந்தது. அதைக் கேட்க எனக்கு இனிக்கும். இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன், நோயாளிக்காகப் போனதைவிட அந்தப் பேச்சுக்காகப் போனதுதான் அதிகம்.

போன மார்ச் மாதம் என் தங்கை லெட்சுமியின் வீட்டுக்காரர் தம்புசாமி வயிற்று வலி என்று படுத்தார். கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிற ஆள், ஐம்பத்தேழு வயது, ஒரு நாள் கூட மெடிக்கல் லீவு எடுக்காதவர். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் லெட்சுமியையும் அவள் மகன் சரணையும் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, நாலாவது கட்டம் என்று சொல்லிவிட்டார்.

லெட்சுமி அந்த டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று. அவராகக் கேட்டால் மறைக்க மாட்டேன், கேட்காத வரை நானாகச் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. தம்புசாமியின் அண்ணனுக்கும் இதே நோய்தான். சொன்ன அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர், ஒரு வாய் கஞ்சி இறங்காமல் பத்தாம் நாள் போய்விட்டார். இவருக்கும் தெரிந்தால் அதே கதைதான் என்று லெட்சுமி உறுதியாக நம்பினாள். ஆகவே வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்தார்கள். விஷயம் தெரிந்த உறவுக்காரன் நான் ஒருவன் மட்டும்.

"அண்ணே, உங்க வாய் பெரிய வாய்னு எனக்குத் தெரியும். இத மட்டும் உள்ளுக்குள்ள வச்சிக்குங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஊரே என் வாயை நம்பி நோயாளியை ஒப்படைக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு நம்பிக்கை இல்லையே என்று முறைத்துக்கொண்டேன்.

அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, மச்சினனுக்கு நான் ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்திங்குக்குப் போனேன். அங்கே அய்யாவு என்கிற என் பழைய சிநேகிதர் வீட்டுப் பின்புறத்தில் துரியான் பெலாண்டா, அதாவது முள்சீத்தா மரம் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் கேன்சர் என்று யாரிடமாவது சொன்னால் போதும், மூன்றாம் நாள் அந்த மரத்து இலை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், நாங்கள் அவித்துக் குடித்துக்கொண்டே இருப்போம். ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பறித்துக்கொண்டேன். அதை வெளியிலேயே வைத்து லெட்சுமியிடம் கொடுத்து, புண்ணுக்கு மூலிகைத் தண்ணீர் என்று சொல்லி அவித்துக் கொடுக்கச் சொல்வது என் திட்டம்.

பகல் பார்வை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது லெட்சுமி அங்கே இல்லை. குளித்துச் சமைத்து வர வீட்டுக்குப் போயிருந்தாள், போனையும் எடுக்கவில்லை. பையை மோட்டார் சைக்கிள் கூடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று கையோடு கொண்டுபோனேன். இலையைத் திருடுகிறவன் எவன் என்று அப்போது தோன்றவில்லை.

தம்புசாமி என்னைப் பார்த்ததும் சிரித்து எழுந்து உட்கார்ந்தார். கையில் ஊசி குத்தியிருந்தது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விட்டிருந்தார்கள். நான் பையைப் பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, அய்யாவு வீட்டு நாய் என்னைத் துரத்திய கதையை ஆரம்பித்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் கண் அந்தப் பையில் போய் நின்றது.

"இது என்ன இல மச்சான்?"

"சும்மா ஒரு மூலிக. வயித்துப் புண்ணுக்கு நல்லது."

அவர் கையை நீட்டி ஓர் இலையை உருவி, கசக்கி மோந்து பார்த்தார். "எங்க கிடங்குல ரெங்கசாமின்னு ஒருத்தன் இருந்தான். கடைசி நாலு மாசம் பிளாஸ்குல இதத்தான் ஊத்திக்கிட்டு வருவான். அவனுக்கு என்ன வியாதின்னு மச்சானுக்குத் தெரியுமா?"

அப்போதும் தப்பித்திருக்கலாம். இதைப் புண்ணுக்கும் கொடுப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தால் போதும். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. நோயாளியின் முகம் வாடினால் என் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும், அத்தனை வருஷப் பழக்கம்.

"அட மாப்ள, நாலாவது ஸ்டேஜ்ல கெடந்த ஆளே இதக் குடிச்சிட்டு இன்னிக்கு பந்திங்ல மோட்டார் ஓட்டிக்கிட்டுத் திரியறாரு. உங்களுக்கு என்ன லா?"

"எனக்கும் நாலாவதா?" என்று கேட்டார்.

பதினைந்து வினாடி பேசாமல் இருந்திருப்பேன். என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த நேரம் ஒன்றில்தான், அதுவே அவருக்குப் பதிலாகப் போய்விட்டது. லெட்சுமிக்குத் தெரியுமா என்று கேட்டார். தலையாட்டினேன். சரணுக்கு என்றார். அதற்கும் தலையாட்டினேன். அவர் அந்த இலையை மறுபடியும் பைக்குள் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, என் மடியில் வைத்தார்.

"அவங்க வர்றதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிருங்க மச்சான். நீங்க சொன்னதா இருக்க வேணாம்," என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆறுதல் சொல்லப் போனவனுக்குச் சாகப் போகிறவர் ஆறுதல் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கீழே இறங்கியதும் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நிமிர்ந்தால் எதிரே லெட்சுமி சாப்பாட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். நல்லாப் பேசினார், சிரித்தார் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க வந்தாத்தான்ணே அவருக்கு ஒரு தெம்பு," என்றாள். நான் பரவாயில்லை என்பது போலக் கையை அசைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலையில் தம்புசாமி டாக்டரிடம், எனக்கு நாலாவது கட்டம்தானே என்று நேராகக் கேட்டுவிட்டார். டாக்டரும் வாக்குக் கொடுத்தபடி மறைக்கவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய அண்ணனுக்கு நடந்தது அப்படியே கண் முன்னால் நடக்க, லெட்சுமி வாயில் புடவையைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் அழுதாள். டாக்டருக்கு முன்னால் யார் சொன்னது என்று அவரைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். நானாகத் தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொன்னார். அதை யாரும் நம்பவில்லை.

சரண் பங்சாரில் ஒரு ஆபிசில் வேலை பார்க்கிறான். எதையும் கணக்குப் பார்த்துத் தீர்க்கிற பிள்ளை. டாக்டர் தானாகச் சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, மாமா சொல்லியிருக்க மாட்டார். அப்படியென்றால் மிச்சம் யார்? அந்த வார்டில் தமிழ் பேசுகிற நர்ஸ் ஒரே ஒருத்தி, மலர். பந்திங் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். தம்புசாமியை அங்கிள், அங்கிள் என்று கூப்பிட்டு, போகும்போதும் வரும்போதும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் லெட்சுமி உள்ளே போனபோது அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாளாம். அதை லெட்சுமி இப்போது நினைவுபடுத்திச் சொன்னாள். சரணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"மாமா, அந்த மிசி அப்பாகிட்ட ரொம்ப பேசுமா?" என்று என்னைக் கேட்டான்.

"பேசும்தான்," என்றேன்.

அது பொய் இல்லை. அவள் பேசுவாள்தான். பொய்யே சொல்லாமல் ஒரு பெண்ணின் மேல் பழியைப் போட என்னால் முடிந்தது என்பதுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி கேண்டினில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேட்ரனுக்குப் புகார் எழுத வேண்டும் என்றான் சரண். எங்கள் குடும்பத்தில் லைசென்ஸ் ஆபிசுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, நகராண்மைக் கழகத்துக்கு என்று யார் எதை எழுதுவதானாலும் என்னிடம்தான் வருவார்கள். என் மலாய் நல்ல மலாய். லெட்சுமி பேனாவை என் பக்கம் நகர்த்தி, "அண்ணே, நீங்கதான் எழுதணும்," என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மனசுக்குள் ஆயிரம் சமாதானம் ஓடியது. இப்படிப்பட்ட கடிதங்களை எவன் படிக்கிறான், டிராயருக்குள் போட்டு மூடிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சொன்னால் மட்டும் மாப்பிள்ளை சாப்பிடப் போகிறாரா என்றும் எண்ணிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், லெட்சுமியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதைவிட, சுகுமாறன் போய் ஆளைக் கெடுத்துவிட்டான் என்று பந்திங் வரை பேச்சு போய்விடுமே என்று பயமாக இருந்தது.

எழுத உட்கார்ந்ததும் கை நிற்கவில்லை. நோயாளியின் உரிமை, ரகசியம் காக்கும் கடமை, சீருடைக்கு இழுக்கு, ஒரு குடும்பத்தின் நம்பிக்கைக்குச் செய்த துரோகம் என்று வரிவரியாக வந்து விழுந்தது. குற்றவாளியே வக்கீலாக உட்கார்ந்தால் வழக்கு எவ்வளவு பிரமாதமாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முடித்ததும் உரக்க வாசித்து, லெட்சுமிக்குப் புரிய வேண்டுமென்று தமிழிலும் சொன்னேன். துரோகம் என்ற இடத்தில் அவள் அழுதுவிட்டாள். சரண் கையெழுத்துப் போட்டு மேலே கொண்டுபோய்க் கொடுத்தான். நான் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு, சீனி அதிகம் என்று கடைக்காரரிடம் குறை வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

சனி, ஞாயிறு நான் போகவில்லை. சளி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பகல் போனபோது தம்புசாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் பக்கத்தில் பாதி காலியான கஞ்சிக் கிண்ணம் இருந்தது. யார் சாப்பிட வைத்தது என்று கேட்டேன். மலர் என்றார். காலையில் வந்து, இரண்டு கரண்டியாவது சாப்பிட்டால்தான் போவேன் என்று நின்றாளாம். அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

"அந்தப் புள்ள மேல சரண் லெட்டர் போட்டிருக்கான் மச்சான். வெசாரண இருக்காம். அந்த லெட்டர அதுகிட்டயே வாசிக்கக் குடுத்திருக்காங்க. நான் அவ்வளவு மோசமானவளா அங்கிள்னு என்னைக் கேக்குது."

அவர் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். மச்சான்தான் வாய் தவறிச் சொன்னது, அதை மேட்ரனிடம் நானே சொல்கிறேன் என்று இவர் மலரிடம் சொல்லியிருக்கிறார். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்துக் கட்டில் திரைக்குள் நின்று டிரிப் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது முழுக்கக் காதில் விழுந்திருக்கிறது. நான் போன பிறகுதான் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் மேட்ரன்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். அந்த அங்கிள் வந்தாத்தான் உங்க மூஞ்சில சிரிப்பு வருது, ஆன்டிக்குத் தெரிஞ்சா அவர இந்தப் பக்கமே விடமாட்டாங்க, அப்புறம் உங்ககிட்ட பேச யாரு வருவாங்கன்னு சொல்லிச்சி."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ நட்ட நடு வார்டில் என் சட்டையைக் கழற்றிவிட்டது போல இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து ரகசியம் போலப் பேசினார்.

"யாரு எழுதிக் குடுத்ததுன்னு தெரியல. சரணுக்கு அவ்வளவு மலாய் வராது, ஆபிஸ்ல யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்க. மச்சான், நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்தப் புள்ள மேல தப்பு இல்லன்னு. நீங்க எழுதுனா எடுபடும்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சரி என்றுதான் முதலில் வாயில் வந்தது. முதல் வரி கூட மனசில் ஓடிவிட்டது. எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள், மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொள்வார், சுகுமாறன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று மறுபடியும் பேச்சு வரும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் கண் என் முகத்திலேயே இருந்தது, கொஞ்சமும் சந்தேகம் இல்லாத கண். அதைப் பார்த்துக்கொண்டே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாப்ள, அந்த லெட்டரும் நான் எழுதுனதுதான்," என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் இன்னொரு முறை சொன்னேன், கேண்டினில் உட்கார்ந்து எழுதினேன், சரண் கையெழுத்துப் போட்டான் என்று. தன் சாவுச் செய்தியைக் கேட்டபோது என் கையைத் தட்டிக் கொடுத்த மனிதர், இதைக் கேட்டதும் கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"லெட்சுமி வரட்டும். அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவள் வர இருபது நிமிஷம் ஆனது. நான் எழுந்து போகவில்லை, போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டேன். லெட்சுமி கூடையோடு வந்தாள். அவர் கஞ்சி குடித்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் வந்ததால்தான் என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொன்னாள். எனக்கும் சோறு கட்டி வந்திருப்பதாகச் சொல்லித் தட்டை எடுத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். இலையைக் கொண்டுவந்தது, வாய் தவறியது, அவர் என்னைக் காப்பாற்ற மறைத்தது, மலர் மறைத்தது, எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், காவலுக்கு நிற்கிற ஜாகா வருவான், அதோடு முடிந்துவிடும் என்று ஒரு பக்கம் ஆசையாகக் கூட இருந்தது. அவள் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"வாய் தவறிடுச்சி, சரி. அது உங்களுக்கு எப்பவும் நடக்கறது," என்றாள். "அந்த லெட்டர் எப்படி எழுதுனீங்க? எழுதி வாசிச்சும் காட்டுனீங்களே. நான் அழுதத பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

எந்த நோய்க்கும் கதை வைத்திருந்தவனிடம் அதற்கு ஒன்றும் இல்லை. தம்புசாமி கண்ணை மூடிக்கொண்டார். லெட்சுமி தட்டைக் கூடைக்குள் வைத்து மூடினாள்.

"நீங்க கெளம்புங்க," என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து என் தங்கை அண்ணே என்ற சொல் இல்லாமல் என்னிடம் பேசியதில்லை. அதற்காக நின்று பார்த்தேன். வரவில்லை.

மேல் மாடியில் மேட்ரன் அறை வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் பேரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டு உள்ளே கொடுத்தேன். அதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.